பனிக்குள் இருந்த வைரக்கண்ணு

உவர்க்காட்டில் மலை முளைத்தது ஒரு சித்திரை மாதத்தில், உப்பு நன்றாக விளையும் வெயிலில், ஊருக்கு மேற்கே பதினோராம் பாத்தியில். பனைமரமும் கலங்கரை விளக்கமும் உப்புக் குவியலும் தவிர வேறெதுவும் நிமிர்ந்து நிற்காத அந்தக் கடலோரத்தில், பாத்தியின் நடுவே மண் ஒரு முழம் புடைத்திருப்பதைப் பார்த்த ஜனங்கள், நண்டு ஏதாவது வளை தோண்டியிருக்கும் என்று காலால் மிதித்துச் சமன் செய்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். மத்தியானம் அது இடுப்பளவு இருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆள் உயரம் ஆகிவிட்டது. ஒரு வாரத்தில் பனைமரத்தைத் தாண்டியது, ஒரு மாதத்தில் கோயில் கோபுரத்தைத் தாண்டியது, ஒரு வருஷத்தில் திருச்சி மலைக்கோட்டையைப் பார்த்து வந்தவர்கள் அதைவிட இது பெரிசு என்று சொல்லும்படி ஆயிற்று, மூன்றாம் வருஷம் ஐப்பசியில் மேகம் அதன் மேல் வந்து உட்கார்ந்து எழுந்து போக வழியில்லாமல் தவித்தது.

பாயை இரண்டு பக்கத்திலிருந்தும் தள்ளினால் நடுவில் எப்படி எழும்புமோ அப்படித்தான் எழும்பியது. களிமண்ணும் மணலும் கிளிஞ்சலும் அடுக்கடுக்காக மடிந்து, மடிப்புக்குள் மடிப்பாகத் தெரிந்தன. கடலுக்கு அடியில் கிடந்த சங்கும் சிப்பியும் மேகத்துக்குப் பக்கத்தில் போய்க் கிடந்தன. பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்த சவரிமுத்து வாத்தியார், பூமி ஒரே பலகை இல்லை, பல துண்டு, ஒரு துண்டு இன்னொன்றை முட்டித் தள்ளினால் நடுவிலே இருக்கிற மண்ணுக்கு மேலே போவதைத் தவிர வேறு போக்கிடம் இல்லை, இமயமலையும் இப்படி வந்ததுதான், அங்கே கோடிக்கணக்கான வருஷம் பிடித்தது, இங்கே என்னவோ அவசரம் என்று டீக்கடையில் சொன்னார். எல்லாரும் கேட்டுக்கொண்டார்கள். கூத்தையன் என்கிற உப்பளத்து ஆள் மட்டும் ஒரு கேள்வி கேட்டான்.

"சார், வெயில மறைக்குமா?"

மறைத்தது. மலை மேற்கே இருந்ததால் மூன்று மணிக்கே சூரியன் அதற்குப் பின்னால் இறங்கிவிட, பாத்திகளில் உப்பு பூப்பது சுணங்கியது. ஆகவே வேலை நேரத்தை விடியற்காலைக்கு மாற்றினார்கள், சாயங்காலம் போட வேண்டிய டீயை மத்தியானமே போட்டார்கள், கடலுக்குப் போகிறவர்கள் கலங்கரை விளக்கத்தை விட்டுவிட்டு மலையைக் குறி வைத்துக் கரை திரும்பப் பழகினார்கள். மூன்றாவது மாதம் மலைமேல் வேல் ஊன்றியாயிற்று, நாலாவது மாதம் பச்சைக் கொடி ஏறியது, ஐந்தாவது மாதம் மாதாவுக்கு ஒரு கெபி கட்டினார்கள். பெண் கேட்டு வருகிறவர்கள், உங்கள் வீடு மலைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று முதலில் கேட்டுக்கொண்டார்கள். வருவாய்க் கணக்கில் மட்டும் அந்த இடம் பல வருஷம் சமதளம் என்றே இருந்தது, மலை என்று எழுதுவதற்கு அந்தப் படிவத்தில் இடம் இல்லை.

அந்த மூன்றாம் வருஷத்துக் கார்த்திகையில் கீழே மழை பெய்தபோது மேலே பனி பெய்தது. காலையில் எழுந்து பார்த்தவர்கள், யாரோ உச்சியில் உப்பைக் கொண்டுபோய்க் கொட்டி வைத்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார்கள், அது யாருடைய உப்பு என்று பார்த்து வரக் குத்தகைதாரர் ஆளையும் அனுப்பினார். போன ஆள் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, உப்பே இல்லாத உப்பு என்று சொன்னான். அந்தப் பனி சித்திரையிலும் முழுக்கக் கரையவில்லை. மிச்சத்தின் மேல் அடுத்த கார்த்திகையின் பனி விழுந்தது, அதன் மேல் அதற்கடுத்தது, மேலே இருப்பது கீழே இருப்பதை அழுத்த, பஞ்சாக இருந்தது கல்லுப்பு மாதிரிப் பரல் பரலாகி, பரலுக்கு நடுவில் இருந்த காற்றெல்லாம் பிதுங்கி வெளியேறி, நீலம் போட்டு அலசிய வேட்டியின் நிறத்தில் ஒரே பாளமாக இறுகியது. இறுகிய பாளம் மலையின் கிழக்குப் பக்கத்தைக் குடைந்து சட்டிபோல ஒரு குழி செய்து அதில் நிறைந்தது. நிறைந்தபின் தன் கனத்தைத் தானே தாங்க மாட்டாமல் ஊரைப் பார்த்து இறங்கத் தொடங்கியது.

சவரிமுத்து வாத்தியார் பனியின் குறுக்கே ஒரே நேர்க்கோட்டில் இருபது மூங்கில் கழிகளை நட்டு வைத்தார். அடுத்த பொங்கலுக்குப் போய்ப் பார்த்தபோது கழிகள் வில்லாக வளைந்து நின்றன. ஓரத்துக் கழிகள் அதிகம் நகரவில்லை, நடுக் கழிகள் முன்னால் வந்திருந்தன. "இது ஆறுதான், மெதுவா ஓடுற ஆறு" என்றார். பனி நகர்ந்த வழியெல்லாம் பாறையை அரைத்துக்கொண்டே வந்ததால், அதன் அடியிலிருந்து கசிந்த தண்ணீர் பால் மாதிரி வெளுத்து ஓடியது. அது பாத்திகளில் கலந்து உப்பைக் கெடுக்காமலிருக்க ஊரே சேர்ந்து கடலுக்கு ஒரு வாய்க்கால் வெட்டியது. கூட்டுறவுக் கடையில் கம்பளிச் சட்டை வந்தது. பெண்கள் மேலே கம்பளிச் சட்டையும் கீழே முழங்கால் வரை உப்புத் தண்ணீருமாக நின்று உப்பு வாரினார்கள். ஆண்களில் சிலர் மேலே ஏறிப் பனிக்கட்டி வெட்டி, உமியும் வைக்கோலும் சுற்றிச் சறுக்கிவிட்டு, மீன் ஏற்றுகிற லாரிகளுக்குக் கொடுத்தார்கள்.

அஞ்சம்மாள் அந்த ஊருக்கு மருமகளாக வந்தபோது மலை முளைத்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தெற்கே நெல் விளைகிற ஊர்க்காரி, இருபத்தொரு வயது. அவளைக் கட்டியவன் வைரக்கண்ணு பனி வெட்டுகிறவர்களில் ஒருவன், இருபத்தைந்து வயது, கோபக்காரன். குழம்பு ஆறியிருந்தால் அடித்தான், கதவு திறக்கத் தாமதமானால் அடித்தான், எதுவும் ஆகாத நாளிலும் அடித்தான். மறுநாள் பன் வாங்கி வந்து தலைமாட்டில் வைத்துவிட்டுப் பேசாமல் போவான். அவன் அம்மா காளியம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அவன் அப்பனும் இப்புடித்தான்" என்பாள், அதோடு சரி. காலையிலிருந்து உப்புத் தண்ணீரில் நிற்கிற கால் மத்தியானத்துக்குள் எப்படித் தன்னுடையதாக இல்லாமல் போகுமோ, முள் குத்தினாலும் தெரியாதோ, அப்படி உடம்பு முழுவதையும் ஆக்கிக்கொள்ள அஞ்சம்மாள் கற்றுக்கொண்டாள். அவன் கை ஓங்கும்போதே அவள் அங்கிருந்து போய்விடுவாள், உடம்பு மட்டும் நிற்கும். பதினாலு மாதத்தில் அது நன்றாகப் பழகிவிட்டது. அவன் ஓங்காத நேரத்திலும் திரும்பி வர மறந்துபோனது.

ஒரு தை மாதத்துக் காலையில் ஐந்து பேர் பனி வெட்டப் போனார்கள். வெயில் ஏறுவதற்குள் நாலு பேர் இறங்கி வந்தார்கள். அஞ்சம்மாள் பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தாள். அந்த நாலு பேரில் ஒருவனான கூத்தையன் வரப்பில் நின்று தலைத்துண்டை எடுத்தான்.

"அஞ்சு, பனியில வெடிப்பு இருந்துருக்கு. மேல தூசிப் பனி மூடியிருந்ததுல தெரியல. கால வச்சாரு, போயிட்டாரு."

"எம்புட்டு ஆழம்?"

"கயிறு எட்டல."

"கூப்புட்டுப் பாத்திங்களா?"

"கூப்புட்டம். ரெண்டு தடவ பதில் வந்துச்சு. அப்பறம் வரல."

அவள் தலையாட்டினாள். பிறகு குனிந்து, பாதியில் நின்ற வரிசையை வாரி முடித்தாள், கரையில் குவித்தாள், பலகையைக் கழுவி வைத்தாள். ஊர் இதைப் பல வருஷம் பேசியது, சிலர் கல்நெஞ்சு என்றார்கள், சிலர் அதிர்ச்சி என்றார்கள். அவளுக்குள் அப்போது ஒரே ஒரு நினைப்புதான் வந்தது, இன்றைக்குக் குழம்பு ஆறினாலும் பரவாயில்லை என்பது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று நாள் தேடினார்கள். நாலாம் நாள் சவரிமுத்து வாத்தியார் வீட்டுக்கு வந்து, பனி யாரையும் வைத்துக்கொள்ளாது, ஆற்றில் விழுந்தவன் ஒதுங்குகிற மாதிரி இதிலும் ஒரு நாள் ஒதுங்கித்தான் ஆக வேண்டும், மூங்கில் கழிக் கணக்குப்படி பார்த்தால் அடிவாரத்துக்கு வர இருபத்துமூன்று வருஷம் பிடிக்கும் என்றார். காளியம்மா அழுகையை நிறுத்திக் கேட்டாள்.

"எம்புள்ள கெட்டுப்போவாம வருவானா?"

"அப்புடியே வருவாரும்மா. விழுந்தப்ப எப்புடி இருந்தாரோ அப்புடியே."

"அப்ப சரி" என்றாள் காளியம்மா. எழுந்து போய் அடுப்பு மூட்டினாள்.

இறப்புச் சான்றிதழுக்கு அஞ்சம்மாள் போனபோது வருவாய் ஆய்வாளர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உடம்பு கிடைக்காமல் இறந்தார் என்று எழுத முடியாது என்றார். ஏழு வருஷம் காணாமல் போனவரை இறந்தவராகக் கொள்ள வழி உண்டு, ஆனால் இவர் காணாமல் போகவில்லை, இன்ன கழிக்கும் இன்ன கழிக்கும் நடுவில் இருக்கிறார் என்று ஊருக்கே தெரிகிறது, தெரிகிற இடத்தில் இருப்பவரைக் காணவில்லை என்று எப்படி எழுதுவது என்று அவளையே கேட்டார். அவர் கேட்டது நியாயமாகத்தான் பட்டது. ஆகவே ரேஷன் அட்டையில் வைரக்கண்ணு இருந்தான், அவன் பங்குச் சர்க்கரை மாதாமாதம் வந்தது, வாக்காளர் பட்டியலில் அவன் பெயர் ஒவ்வொரு தேர்தலிலும் வாசிக்கப்பட்டு, மேலே இருக்கிறார் என்று குறிக்கப்பட்டது.

ஊர் தன் வழக்கங்களை அதற்குத் தக்கபடி வளைத்துக்கொண்டது. அவள் சுமங்கலியா இல்லையா என்று கோயிலில் இரண்டு கூட்டம் நடந்து, திருவிழாவில் மற்றப் பெண்களோடு வரிசையில் வரலாம், மாவிளக்கை மட்டும் தொட வேண்டாம் என்று முடிவாயிற்று. கல்யாண வீடுகளில் அவளை அழைத்தார்கள், முன்னால் உட்காரச் சொல்லவும் இல்லை, பின்னால் போகச் சொல்லவும் இல்லை, நடுவில் எங்கோ ஒரு நாற்காலி அவளுக்கென்று ஆகிப்போனது. பள்ளிக்கூடச் சுவரில் சவரிமுத்து வாத்தியார் பொங்கல்தோறும் சுண்ணாம்பால் மீதித் தூரத்தை எழுதினார். தெருவில் பார்க்கிறவர்கள் வெளியூரிலிருந்து வருகிற ஆளைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்கள்.

"அஞ்சு, ஒங்க வீட்டுக்காரரு இந்த வருசம் நல்லா வந்துருக்காரு. நாப்பது கோலு தூரம்."

"அப்புடியா" என்பாள் அஞ்சம்மாள்.

"மழ ஜாஸ்தில்ல, அதான் வேகம்."

"சரிங்க."

தினமும் காலையில் காளியம்மா அவளை முன்னால் உட்காரவைத்துத் தலை வாரி, பூ வைத்து, நெற்றியில் பொட்டு இட்டுவிடுவாள். "அவன் எப்ப வந்தாலும் நீ மொகத்தோட நிக்கணும்" என்பாள். வாத்தியார் இன்னும் பதினெட்டு வருஷம் என்று சொல்லியிருந்தாலும், இன்னும் பத்து வருஷம் என்று சொல்லியிருந்தாலும், அவள் இடுகிற பொட்டில் மறதி இல்லை. அஞ்சம்மாள் கண்ணாடி பார்ப்பதை விட்டுவிட்டாள். பூவின் வாசனை தெரிகிறதா என்று ஒரு நாள் முகர்ந்து பார்த்தாள், தெரிந்தது, ஆனால் அது யாருக்கோ தெரிகிற வாசனையாக இருந்தது. உப்பு வாரினாள், சோறு தின்றாள், பண்டிகைக்குப் புதுச்சேலை உடுத்தினாள். அழுகை வருமா என்று சாவு வீடுகளில் காத்திருந்து பார்த்தாள். வரவில்லை. சிரிக்கிற இடத்தில் மற்றவர்களைப் பார்த்துச் சிரித்தாள்.

எட்டாம் வருஷத்தில் தெட்சிணாமூர்த்தி என்கிற உப்பு லாரி டிரைவர், பெண்டாட்டி இறந்தவன், வாத்தியார் வீட்டு அம்மாள் மூலமாகக் கேட்டனுப்பினான். அடக்கமான மனிதன், லாரியில் ஏற்றும்போது அவள் தலைச்சுமையை எப்போதும் பாதியிலேயே எட்டி வாங்கிக்கொள்வான். காளியம்மா வேண்டாம் என்று சொல்லவில்லை, வெளியே போய் ஆட்டுக்குத் தழை போட்டுக்கொண்டிருந்தாள். அஞ்சம்மாள் நேரில் அவனிடம் சொன்னாள்.

"அவரு வந்து போவட்டுங்க."

"இன்னும் பதினஞ்சு வருசம் இருக்குங்களே."

"தெரியும்."

"ஒங்களுக்கு ஆசையா இருக்கா, அவரு வரணுமின்னு?"

அவள் யோசித்தாள். அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்கவில்லை. ஆசை என்று தேடினால் ஒன்றும் இல்லை, பயம் என்று தேடினாலும் இல்லை, உள்ளே கை விட்டுத் துழாவினால் எங்கும் ஒரே குளிர்ச்சியாக, வழுவழுவென்று இருந்தது.

"அதெல்லாம் ஒண்ணும் இல்லிங்க. அவரு வர்ற வரைக்கும் நான் என்னன்னு எனக்குத் தெரியாது. தெரியாம எப்புடி ஒங்ககிட்ட வர்றது?"

அவன் இரண்டு வருஷம் காத்திருந்தான். பிறகு தூத்துக்குடிப் பக்கம் வேலை மாற்றிக்கொண்டு போனான், அங்கே கல்யாணம் செய்துகொண்டான் என்று கேள்விப்பட்டாள். கேள்விப்பட்ட அன்று அவள் வழக்கம்போல நாலு பாத்தி வாரினாள்.

பனி இறங்கிக்கொண்டே இருந்தது. போகிற வழியில் குறுகலாக இருந்த ஓடையை இரண்டு பக்கமும் சுரண்டி, அண்டாவின் அடிபோல அகன்ற பள்ளத்தாக்காக்கியது. வீடு உயரப் பாறைகளைத் தூக்கி வந்து, அவற்றுக்குச் சம்பந்தமில்லாத இடத்தில் தனியே நிறுத்தியது. ஓரங்களில் கல்லையும் மண்ணையும் இரண்டு நீளக் கரைகளாகக் குவித்தது. அதன் முனை ஊரின் கடைசி உப்புப் பாத்திக்குப் பின்னால் வந்து நின்றபோது, வெயிலில் முனை கரைவதும் பின்னாலிருந்து புதுப்பனி வந்து தள்ளுவதும் சரிக்குச் சரியாக இருந்ததால், அதற்கு மேல் அது முன்னேறவில்லை. கொண்டுவந்ததை மட்டும் ஒவ்வொன்றாக இறக்கி வைத்தது. ஒரு வருஷம் அரிவாள் வந்தது. ஒரு வருஷம் யாருடையதோ வெள்ளாடு வந்தது, கழுத்து மணியோடு.

பத்தொன்பதாம் வருஷம் காளியம்மா படுத்துவிட்டாள். நாலு மாதம் அஞ்சம்மாள்தான் எல்லாம் செய்தாள், குளிப்பாட்டினாள், கஞ்சி ஊட்டினாள். கடைசிக்கு முந்தின நாள் காளியம்மா தெளிவாகப் பேசினாள்.

"ஏ புள்ள, அவன் ஒன்ன அடிச்சான்."

"ஆமாங்கத்தே."

"நான் சும்மா இருந்தேன்."

"ஆமாங்கத்தே."

"நான் இருந்து அவன ஒரு அற உட்டுருக்கணும். அதுக்குத்தான் காத்துகிட்டுக் கெடந்தேன். முடியல." சிறிது நேரம் மூச்சு வாங்கினாள். "வரும்போது பாவம், தலையெல்லாம் ஈரமா வருவான். தொடச்சு உடு."

அவள் போன பிறகு அஞ்சம்மாளுக்குப் பொட்டு இட யாரும் இல்லை. அவளே இட்டுக்கொண்டாள், விடுவதற்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

இருபத்துமூன்றாம் வருஷம் பங்குனியில், சவரிமுத்து வாத்தியார், அப்போது அவருக்கு ஓய்வு கிடைத்து ஒரு கண்ணில் பார்வையும் மங்கியிருந்தது, பனி முனைக்கு முன்னால் நின்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துவிட்டு, கூத்தையனைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொன்னார். கூத்தையன் பார்த்தான். நீலப் பாளத்துக்குள், இரண்டு முழ ஆழத்தில், ஒரு ஆள் ஒருக்களித்துப் படுத்திருப்பது தெரிந்தது. அவன் ஓடவில்லை, நடந்தே ஊருக்குள் வந்து அஞ்சம்மாள் வீட்டு வாசலில் நின்றான். அவனுக்கு அப்போது தலை முழுக்க நரைத்திருந்தது.

"அஞ்சு, வந்துட்டாரு."

ஊர் முழுக்கப் போனது. வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் சொல்லவில்லை, தானாக நின்றது. பெண்கள் கூடை கூடையாக உப்பை எடுத்துக்கொண்டு போய்ப் பனியின் முகத்தில் எறிந்தார்கள். உப்பு பட்ட இடமெல்லாம் பனி குழிந்து கண்ணீர்போல வழிந்தது, வழிந்த குழியில் மறுபடி எறிந்தார்கள், உப்பு விழுகிற சத்தமும் தண்ணீர் ஓடுகிற சத்தமும்தான் இருந்தன. அஞ்சம்மாளும் எறிந்தாள். பாத்தியில் வாருவதுபோலவே அளவாக, அவசரமில்லாமல் எறிந்தாள். உச்சிவெயில் நேரத்தில் அவன் வெளியே வந்தான். நாலு பேர் தாங்கி எடுத்து ஒரு பாயில் கிடத்தினார்கள்.

கம்பளிச் சட்டை போட்டிருந்தான். வேட்டி மடித்துக் கட்டியிருந்தது. கண் மூடியிருந்தது. வாத்தியார் சொன்னபடி, விழுந்தபோது எப்படி இருந்தானோ அப்படியே.

வெயில் கடுமையாக இருந்ததால் எல்லாவற்றையும் அங்கேயே செய்துவிடலாம் என்றார்கள். ஊரில் இப்படிப்பட்ட காரியங்களை முன்னின்று செய்கிற பாக்கியம், தானும் தாலியறுத்தவள், அஞ்சம்மாளைப் பாயின் பக்கத்தில் உட்காரவைத்தாள். பெண்கள் சுற்றி நின்று சேலைகளை விரித்து மறைத்தார்கள். அவள் தலை நிறையப் பூ வைத்தார்கள், மஞ்சள் பூசினார்கள், இரண்டு கையிலும் முழங்கை வரை புதுக் கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், எல்லாம் எடுப்பதற்காக. அஞ்சம்மாள் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கை தன்னுடையது என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

பாக்கியம் கல்லை எடுத்தாள். ஓங்கினாள். ஓங்கியவள் அஞ்சம்மாளின் முகத்தைப் பார்த்தாள், நரை ஓடிய வகிட்டை, வெயிலில் சுருங்கின கன்னத்தை. பிறகு குனிந்து பாயில் கிடந்த, ஒரு வயசும் ஏறாத முகத்தைப் பார்த்தாள். மறுபடி இதைப் பார்த்தாள். கல்லைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஏண்டி, கொஞ்சம் பாருங்கடி இத" என்றாள்.

பெண்கள் பார்த்தார்கள். விரித்திருந்த சேலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன.

"நான் எத்தனையோ பேருக்கு ஒடச்சிருக்கேன். பெத்தவளுக்கு யாராச்சும் வளையல ஒடைப்பாளா?"

ஒருத்தி மெதுவாக, "காளியம்மாவும் இல்ல, அம்மான்னு ஒரு ஆளு வேணும்ல" என்றாள். இன்னொருத்தி, "அதான, அவனுக்கு யாரு இருக்கா" என்றாள். அவ்வளவுதான். மலை முளைத்ததை ஏற்றுக்கொண்ட மாதிரியே அந்த ஊர் இதையும் ஏற்றுக்கொண்டது. பூவை எடுக்க வந்த கை பூவைச் சரிசெய்துவிட்டு விலகியது.

அஞ்சம்மாள் அப்போதுதான் அவனைப் பார்த்தாள். அதுவரை பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மீசை அவள் நினைவில் இருந்த அளவுக்கு அடர்த்தியாக இல்லை. கழுத்து மெலிந்து இருந்தது, குரல்வளை புடைத்துத் தெரிந்தது. காதோரத்தில் பூனைமயிர். வலது கை நெஞ்சின் மேல் மடங்கிக் கிடந்தது. அதைத் தன் கையில் எடுத்து விரித்துப் பார்த்தாள், அவளுடைய உள்ளங்கையைவிடச் சின்னதாக, பனி வெட்டிய காய்ப்பு ஊறி மென்மையாக இருந்தது. இருபத்துமூன்று வருஷம் உப்பு வாரிய கைக்கு முன்னால் அது ஒரு பள்ளிக்கூடத்துப் பையனின் கை.

இந்தப் பயலுக்கா பயந்தோம் என்று நினைத்தாள்.

அவன் தலைமயிரிலிருந்து தண்ணீர் சொட்டியது. முந்தானையை எடுத்துத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க அவள் விரல் நுனிகளில் ஊசி குத்துவதுபோல வலித்தது.

வருவாய் ஆய்வாளர் பதிவேட்டோடு காத்திருந்தார். இப்போது இருந்தவர் ஒரு பெண், மலை முளைத்த பிறகு பிறந்தவள். பக்கத்தில் வந்து குந்தி உட்கார்ந்தாள்.

"அம்மா, அடையாளம் காட்டுறவங்கதான் வாயால பேரு சொல்லணும். நானா எழுதக் கூடாது. சொல்லுங்கம்மா. இவரு யாரு, பேரு என்ன?"

அஞ்சம்மாள் வாயைத் திறந்தாள். கட்டியவன் பெயரை அவள் ஒரு நாளும் உச்சரித்ததில்லை. பதினாலு மாதமும் சொல்லவில்லை, அதற்குப் பிறகும் சொல்லவில்லை, ரேஷன் கடையில்கூட அட்டையை நீட்டிவிட்டு நிற்பாள், அவர்களே படித்துக்கொள்வார்கள்.

"வைரக்கண்ணு" என்றாள்.

சத்தம் வெளியே வரவில்லை. அந்தப் பெண் காதைப் பக்கத்தில் கொண்டுவந்து, "என்னம்மா?" என்றாள்.

"வைரக்கண்ணு" என்றாள் அஞ்சம்மாள். இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. பதிவேட்டில் எழுதி முடித்த பிறகும் அவள் நிறுத்தவில்லை, அவன் தலையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "டேய் வைரக்கண்ணு, வைரக்கண்ணு" என்று தூரத்தில் விளையாடுகிற பிள்ளையைச் சோற்றுக்குக் கூப்பிடுகிற குரலில், கோபமும் அழுகையுமாக, பொழுது மலைக்குப் பின்னால் இறங்கும் வரை கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள்.